இடது காதை மூடிய முண்டாசு

அன்று காலை சங்கராபரணி ஆற்று மணலில் இருந்தவர்கள்: பெரியப்பா, மாமா, காரியம் செய்து வைக்க வந்தவர், என் தங்கையைக் கட்டப்போகிற பையனின் அப்பா, நைனாவோடு மூட்டை தூக்கிய நான்கு பேர், நான். இல்லாதவர்கள் இருவர். அம்மா வரமாட்டேன் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள். இன்னொருவர் நைனா, என் அப்பா. அவருக்காகத்தான் அங்கே கூடியிருந்தோம்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. ஆனி மாதம். பாலத்துக்குக் கீழே ஒரு குட்டையில் மட்டும் தண்ணீர் தேங்கியிருந்தது. மாமா கையில் புதுத்துண்டு ஒன்று, நான்கு முனையிலும் மஞ்சள் தடவி, மடிப்புக் கலையாமல் இருந்தது. எங்கள் பக்கத்தில் தகப்பன் இறந்தால் காரியத்தன்று தாய்மாமன் புதுத்துண்டு கொண்டுவந்து பிள்ளையின் தலையில் கட்டுவார். உருமா கட்டுவது என்பார்கள். கட்டி முடித்தால் தகப்பன் போனது உறுதி. அதற்கு மேல் பேச்சில்லை.

எங்களுக்கோ உறுதி இல்லை. நைனா இறந்ததை யாரும் பார்க்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன் ஒரு பங்குனியில், அவலூர்பேட்டையில் லோடு இருக்கிறது என்று காலை பஸ் ஏறினார். மதியம் வரை போன் மணி அடித்தது. பிறகு அடிக்கவில்லை.

நைனாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் துண்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். செஞ்சியில் நெல் ஏலம் போகும் கூடத்தைக் கமிட்டி என்பார்கள். அங்கே அவர் மூட்டை தூக்கினார். ஒரே துண்டு, ஒரு நாளைக்குள் பல வேலை பார்க்கும். மூட்டை ஏற்றும்போது பிடரியில் விரிந்து கிடக்கும், சணல் உரசாமல் இருக்க. வியாபாரி எதிரே வந்தால் தோளிலிருந்து அக்குளுக்குப் போய்விடும். கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது இடுப்பில் இருக்கும். மதியம் லாரிக்கு அடியில் படுத்தால் முகத்தின் மேல். ஒருமுறை அப்படிப் படுத்திருந்தவரைச் சாப்பாட்டுக் கூடையோடு வந்த நான் எழுப்பாமல் வெகுநேரம் நின்றேன். துணி மூச்சுக்கு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று இல்லாத நாள். ஏறி இறங்கவே இல்லை. பிறகு துணிக்குள்ளிருந்து, "இன்னாடா நிக்கிற, பசிக்குது குடு" என்று குரல் வந்தது.

ஆனால் அவருக்கே உரியது முண்டாசுதான். துண்டை மூன்றாக மடிப்பார். உச்சந்தலையில் ஒரு ஆமணக்கு இலையை வைப்பார், சூட்டுக்காக. இரண்டு சுற்றுச் சுற்றி, கடைசி முனையைக் காதின் மேல் இறக்கி, காதை முழுவதும் மூடி, பின்னால் கொண்டுபோய்ச் செருகுவார். ஒரு காது மட்டும் மூடியிருக்கும். இன்னொன்று திறந்திருக்கும். செஞ்சியில் வேறு யாரும் அப்படிக் கட்டி நான் பார்த்ததில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நெல் குவியலிலிருந்து ஏதோ பூச்சி அவர் காதுக்குள் போய்விட்டது. எண்ணெய் விட்டார்கள், உப்புத் தண்ணீர் விட்டார்கள். ஆஸ்பத்திரியில் விளக்கு அடித்துப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். நைனா நம்பவில்லை. சோறு தின்றுகொண்டே திடீரென்று நிறுத்தி, தலையைச் சாய்த்து, "உள்ள நடக்குது" என்பார். கையால் மூடினால் நின்றுவிடுமாம். மூட்டை தூக்குகிறவன் எத்தனை நேரம் கையை வைத்துக்கொண்டிருக்க முடியும்? துண்டால் மூடிக்கொண்டார்.

நான் கல்லூரி போன முதல் ஆள் எங்கள் வீட்டில். கணக்குப் படித்தேன். இப்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு இ-சேவை மையத்தில் மற்றவர்களுக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிறேன். சட்டையும் பேண்ட்டும் போட்டவன், துண்டைத் தலையில் கட்டியதே இல்லை. நைனாவைத் தேடப் புறப்பட்ட அன்றுதான் முதன்முதலாகக் கட்டினேன்.

கட்ட வேண்டிவந்தது எப்படி என்றால், காட்டுவதற்கு நல்ல போட்டோ இல்லை. காவல் நிலையத்தில் ஆதார் அட்டையின் நகலைத்தான் கொடுத்தோம். அதில் நைனா வெறுந்தலையோடு, பயந்த கண்ணோடு, யாரோ மாதிரி இருந்தார். கமிட்டியில் அவரோடு பதினைந்து வருடம் மூட்டை தூக்கியவரிடமே அதைக் காட்டினேன். அவர் வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்துப் பார்த்தார்.

"யாரு தம்பி இது?"

"எங்க நைனாண்ணே."

"நம்ம அண்ணனா? அட போப்பா. முண்டாசு இல்லாம நான் கண்டனா?"

என் போனில் இன்னொரு படம் இருந்தது. ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் நானும் அவரும் சேர்ந்து, நானே கையை நீட்டி எடுத்தது. அதில் முண்டாசு நன்றாகத் தெரிந்தது. முகம் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. சரி, முகத்தைத்தான் காட்ட முடியாது, முண்டாசையாவது காட்டுவோம் என்று முடிவு செய்தேன். படத்தில் எந்தக் காது மூடியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, ஒரு துண்டைக் கட்டிப் பழகினேன். யூட்யூபில் ஒரு பெண் கழுத்துத் துணியைப் பன்னிரண்டு விதமாகக் கட்டிக் காட்டினாள். நைனாவின் கட்டு அதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். அவலூர்பேட்டை சந்தை, பனமலை ஏரிக்கரை, தொண்டூர். எங்கே ஆட்கள் கூடியிருந்தாலும் போய் நின்று, பையிலிருந்து துண்டை எடுத்து என் தலையில் கட்டிக் காட்டி, "இந்த மாதிரிக் கட்டின ஒருத்தரப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். என் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

அவலூர்பேட்டையில் ஆடு விற்கிறவர்கள் சிரித்தார்கள். "தம்பி, இன்னா நாடகமா? திருப்பிக் கட்டு, நான் பாக்கல" என்றார் ஒருவர். மூன்று முறை கட்ட வைத்தார். பிறகு தன் துண்டை அவிழ்த்து அவரே கட்டிப் பார்த்தார். "நல்லா இருக்குதுப்பா. அனல் காத்து காதுல பூரல." பக்கத்தில் இருந்தவர் அவரைத் திருப்பி நிறுத்தி, "புது மாப்ள கணக்கா கீற" என்றார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். பனமலையிலும் அப்படித்தான். தொண்டூரில் களத்தில் இருந்தவர்களும் கட்டிப் பார்த்தார்கள்.

ஒரு மாதம் கழித்து போன் வர ஆரம்பித்தது.

முதல் அழைப்பு அவலூர்பேட்டையிலிருந்து. "தம்பி, நீ காட்டின மாதிரியே முண்டாசு. பஸ் ஸ்டாண்டுல நின்னாரு. பின்னாலேருந்து பாத்தேன். நான் ரோட்டத் தாண்டறதுக்குள்ள பஸ் ஏறிட்டாரு." அன்று அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னாள். அடுத்தது தொண்டூர் ரோட்டில். பிறகு மேல்மலையனூர் போகும் வழியில். பிறகு கமிட்டி வாசலிலேயே. ஒவ்வொரு முறையும் வேலையை விட்டுவிட்டு ஓடினேன். ஒவ்வொரு முறையும் யாரும் இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். பின்னாலிருந்து பார்த்தேன். முகத்தைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

ஒரு வருடம் இப்படிப் போயிற்று. நான் தேடத் தேட அவர் அதிகமானார். ஒரே வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு ஊரில் அவரைப் பார்த்ததாகச் சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர். எனக்கு வெயிலில் நடக்கவே பயமாக இருந்தது. செஞ்சியில் எங்கே நின்றாலும் மலைகள் தெரியும், பாறைமேல் பாறையாக அடுக்கி வைத்தது போல. அந்த உருண்டைப் பாறைகளில் ஒன்று திரும்பிப் பார்க்கும் என்று தோன்றும். மேலே ஒரு கல், அதன் பக்கத்தில் மடிந்து இறங்கிய இன்னொரு கல். முண்டாசு கட்டிய தலைதான்.

பிறகு ஒரு திங்கட்கிழமை பனமலையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மீன்பிடிக் குத்தகைக்காரர்.

"தம்பி, நேத்து மத்தியானம் உங்க நைனாவ ஏரிக்கரையில பாத்தேன். கோயிலுக்கு ஏறற பக்கம், தண்ணியப் பாத்துனே நின்னாரு. கூப்ட்டேன். திரும்பல."

"எத்தன மணி இருக்கும்ணே?"

"ஒரு மணி. ப்ளூ சட்ட."

போனை வைத்தேன். முந்தின நாள் ஒரு மணிக்கு, நீலச் சட்டையில், தலையில் அந்த முண்டாசோடு பனமலை ஏரிக்கரையில் நின்றவன் நான்தான். யாரோ கூப்பிட்டது கூடக் கேட்டது. ஒரு காது மூடியிருந்ததால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு அவலூர்பேட்டை சந்தைக்குப் போனேன். ஆட்டு வரிசையில் மூன்று பேர், முதுகைக் காட்டிக்கொண்டு. மூன்று தலையிலும் அந்த முண்டாசு. ஒருவர் திரும்பி என்னைப் பார்த்து, "வா தம்பி, வாத்தியாரே!" என்றார். "நீ சொல்லிக் குடுத்தது, இப்ப பாதி சந்த இதத்தான் கட்டுது. உங்க நைனா கெடச்சாரா?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் போன ஊரெல்லாம் நைனாவை விதைத்துவிட்டு வந்திருக்கிறேன், அதைத்தான் எல்லோரும் பார்த்து எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவள் நம்பவில்லை. "கட்டிக் காட்டு, பாக்கலாம்" என்றாள். அதுவரை அவள் முன்னால் நான் கட்டியதில்லை, அவள் அழுவாள் என்று. கட்டினேன்.

அவள் அழவில்லை. "கழட்டுடா" என்றாள்.

"இன்னாம்மா?"

"எந்தக் காத மூடிகீற நீ? உங்க நைனாவுக்கு எடது காதுடா பூச்சி பூந்தது. நீ வலதுல கட்டிகீற. இது யாரு? இது உங்க நைனா இல்ல."

போனை எடுத்துப் படத்தைப் பார்த்தேன். நைனாவின் சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. எந்தச் சட்டைக்கு வலது பக்கம் பை வைக்கிறார்கள்? முன்பக்கக் கேமரா கண்ணாடி போல எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்திருந்தது. கணக்குப் படித்தவன், ஒரு வருடம் தினமும் அந்தப் படத்தைப் பார்த்தவன், பையைப் பார்க்கவில்லை. இருபது வருடம் எதிரே உட்கார்ந்து சோறு தின்றவரின் எந்தக் காது மூடியிருந்தது என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதோடு தேடுவதை நிறுத்தினேன்.

போன தையில் தங்கைக்கு வரன் வந்தது. பையன் வீடு திண்டிவனம் பக்கம். நல்ல இடம். பத்திரிகை அடிக்கிற பேச்சு வந்தபோது பையனின் அப்பா கேட்டார், தப்பாகக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். "சம்மந்தி பேருக்கு முன்னால இன்னா போடறது? எங்க பக்கத்துல கேக்கறாங்க."

பெரியப்பா முடிவு சொன்னார். "தெய்வத்திருன்னு போட்டுடு. நாலு வருசம் ஆச்சு. காரியத்தப் பண்ணி உருமா கட்டிட்டு, ஆவணியில கல்யாணத்த முடிச்சிக்கலாம். இப்பிடியே வுட்டா பொண்ணு வாழ்க்கதான் போவும்." பொட்டை அழிக்கமாட்டேன் என்று மட்டும் அம்மா சொன்னாள். அவள் தாலி, அவள் பொட்டு ஒரு பக்கம். தங்கையின் கல்யாணம் ஒரு பக்கம். நடுவில் என் தலை. முந்நூறு பத்திரிகை அடித்து வந்தது. நைனா பெயருக்கு முன்னால் அந்தச் சொல் மஞ்சள் எழுத்தில் இருந்தது.

காரியத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது மறுபடியும் போன். தொண்டூரில் ஆடு மேய்க்கும் ஒரு அக்கா.

"தம்பி, நீதான முண்டாசு கட்டிக் காட்டிட்டுப் போனது? கல்லுப் படுக்கையில ஒரு ஆளு படுத்துகீறாரு. நேத்தும் பாத்தேன், இன்னிக்கும் பாத்தேன்."

எனக்குச் சலிப்பாக இருந்தது. "அக்கா, அது நான் சொல்லிக் குடுத்த ஆளுங்க யாராவது இருக்கும்."

"இல்லப்பா. நீ காட்டினது வலது காது. இவரு எடது காத மூடிகீறாரு. எங்க ஆட்டுக்கு எடது காதுலதான் வெட்டு போட்டு அடையாளம் வெச்சிருப்போம். எனக்கு எந்தக் காதுன்னு தப்பாது."

போனேன். யாரிடமும் சொல்லாமல் போனேன். உச்சி வெயில். தொண்டூர் பாறையில் அந்தக் காலத்துச் சமணர்கள் செதுக்கிய படுக்கைகள் இருக்கின்றன. தலை வைக்கும் இடம் கொஞ்சம் மேடாக, வழவழப்பாக இருக்கும். பாறை முழுவதும் கொதித்தது. செருப்பைக் கழற்ற முடியவில்லை. அந்த அக்கா கீழேயே நின்றுவிட்டாள். மேலே யாரும் இல்லை.

ஒவ்வொரு படுக்கையாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சுட்டன. ஒன்று மட்டும், தலை வைக்கும் இடத்தில், சில்லென்று இருந்தது. ஒரு தலை அளவுக்கு. அதன் மேல் ஒரு ஆமணக்கு இலை கிடந்தது, நடுவில் மடங்கி, ஓரம் வாடத் தொடங்கி. ஆமணக்கு இலை வைப்பதை நான் ஒரு ஊரிலும் காட்டியதில்லை. சுற்றிலும் பார்த்தேன். அந்தப் பாறையில் ஆமணக்குச் செடி இல்லை.

"அக்கா, எந்தப் பக்கம் போனாரு?" என்று கத்தினேன்.

"நான் பாத்துனுதான் கீறேன். ஒருத்தரும் எறங்கல."

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் காரியம் நிற்கும், கல்யாணம் நிற்கும். ஐந்து நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆற்று மணலில் மாமா என் எதிரே நின்றார். "மாப்ள, குனி. மச்சான் கட்டுற மாதிரியே கட்டி வுடறேன்" என்றார். என்னைப் பார்த்துத்தான் அவரும் அதைக் கற்றுக்கொண்டிருந்தார். தன் தலையில் கட்டிப் பார்த்திருந்தாரே தவிர எதிரே நின்று இன்னொருவருக்குக் கட்டியதில்லை. கை தன் பழக்கத்துக்குப் போயிற்று. இரண்டு சுற்று. கடைசி முனையை இறக்கினார். எதிரே நின்று கட்டியதால் பக்கம் மாறிவிட்டது. என் இடது காது மூடிக்கொண்டது.

நான் நிமிர்ந்தேன். மூட்டை தூக்கிய நான்கு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருவர், ஆதார் படத்தைப் பார்த்து யாரு என்று கேட்டவர், என்னைப் பார்த்து, "அண்ணே" என்றார். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

காரியம் செய்து வைக்க வந்தவர் பச்சரிசியை அள்ளச் சொன்னார். அவர் உதடு அசைவது தெரிந்தது. இடது பக்கம் எதுவும் கேட்கவில்லை. புதுத்துண்டின் கஞ்சி வாசம். பிறகு அந்த மூடிய காதுக்குள், வெகு அருகில், ஏதோ நடந்தது. மெதுவாக, நின்று நின்று, இடம் பார்த்துக் கால் வைப்பது போல.

"அவுத்துடுங்க மாமா" என்றேன்.

"இன்னாடா மாப்ள, கட்டின உருமாவ…"

"அவரு கீறாரு. அவுத்துடுங்க."

தொண்டூரை அங்கேயே சொன்னேன். குளிர்ந்த கல், இலை, எல்லாம். பெரியப்பா கையிலிருந்த சொம்பை மணலில் போட்டார். "படிச்ச நாயி பேசற பேச்சாடா இது? எவளோ ஆடு மேய்க்கிறவ சொன்னான்னு! உன் தங்கச்சி மூஞ்சில எப்பிடி முழிப்ப?" தலைப்பாகையை நானே அவிழ்த்து மடித்தேன். ஈரமாக இருந்தது. என் வியர்வைதான். வேறு என்ன இருக்க முடியும்?

எல்லோரும் பையனின் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"நாள மாத்தக் கூடாது" என்றார். "அவ்ளோதான். அந்த ஒரு வார்த்தைய எடுத்துட்டு, பேர மட்டும் போடுங்க. இருந்தா வரட்டும்."

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றாள். நெற்றியில் பொட்டு இருந்தது. என் வெறுந்தலையைப் பார்த்தாள். கையில் மடித்த துண்டைப் பார்த்தாள். அதை வாங்கிக் கொடியில் போட்டாள். "பிரஸ்காரன் ஆறு மணிக்குப் பூட்டிடுவான். போயிட்டு வா" என்றாள்.

முந்நூறு பத்திரிகையையும் மறுபடி அடிக்க வேண்டும் என்றார் அச்சகத்துக்காரர். பழையதில் அந்தச் சொல்லை மட்டும் அழிக்க வழியில்லை. மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.